அண்ணனின் ஃபோர்க், தங்கையின் சைக்கிள்

மூத்த பிள்ளையின் உடை இளைய பிள்ளைக்கு வந்து சேர்வது நம் வீடுகளில் புதிதன்று. பாவாடை நீளமாயிருந்தால் யாரும் அதை வெட்டிவிடுவதில்லை. உட்புறமாக மடித்துத் தையல் போடுகிறோம். ஈராண்டு கழித்துத் தையலைப் பிரித்தால் பழைய நீளம் திரும்பக் கிடைத்துவிடும். துணியில் பழகிப்போன இந்த வழக்கம் உலோகத்திலும் செல்லுபடியாகுமா என்னும் கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எழுந்தது.

நாங்கள் குன்னூர்வாசிகள். வீட்டைவிட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லையேல் இறக்கம். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே ஓடும் மண்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது பிள்ளைகள் இருவருக்கும் பெருவிருப்பம். மகனுடைய மலைச் சைக்கிளின் ஃபிரேமில் பற்றவைப்பு ஓரமாக விரிசல் கண்டது; அதை ஓட்டுவதற்கில்லை என்று ஒதுக்கினோம். ஆனால் அதன் முன் ஃபோர்க் பழுதற்றிருந்தது. காற்றால் இயங்குவது, சஸ்பென்ஷன் 120 மில்லிமீட்டர். மகளுடைய சைக்கிளிலோ ஸ்பிரிங் வகை ஃபோர்க் துருவேறி, அழுத்தினால் அசையாத நிலை. சக்கர அளவும், தலைக்குழாயின் வகையும், அச்சின் வகையும் இரண்டிலும் ஒன்றே. அண்ணனுடையதைக் கழற்றித் தங்கைக்குப் பொருத்தினால் செலவின்றி முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும்.

முடியவில்லை. அவளுடைய ஃபிரேம் 100 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்கென வடிவமைக்கப்பட்டது. சைக்கிளின் கையேட்டில் அதற்கு மேல் பொருத்தலாகாது என்றே அச்சிட்டிருந்தது.

இருபது மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் அகலம். அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று மகன் கேட்டான். இளைஞர்களிடையே இந்த எண் ஒரு பெருமைக்குரிய பொருளாகவும் ஆகிவிட்டது. 120 வைத்திருப்பவன் 100 வைத்திருப்பவனைச் சற்றுக் குனிந்து பார்க்கிறான். கலிஃபோர்னியாவில் இந்த விளையாட்டு பிறந்த 1970களில் பெரும்பாலோரின் சைக்கிளில் சஸ்பென்ஷனே இருந்ததில்லை. 1989இல் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க் ஏறக்குறைய இரண்டு அங்குலமே அமிழ்ந்தது. இன்று செங்குத்துச் சரிவுப் போட்டிகளுக்கானவை 200 மில்லிமீட்டர் வரை போகின்றன. எண் வளர்ந்ததற்கேற்ப ஃபிரேம்களும் மாறின என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஃபோர்க் 20 மில்லிமீட்டர் நீண்டால் சைக்கிளின் முன்பக்கம் உயர்கிறது. தலைக்குழாயின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை கூடிப் படுத்துவிடுகிறது. வேகமான இறக்கத்தில் இது சிலருக்கு உறுதியாகக்கூடத் தோன்றும். ஆனால் மெதுவாக ஏறும்போது முன்சக்கரத்தின் மீது எடை போதாமல் அது இங்கும் அங்கும் அலைகிறது. செங்குத்தான இடத்தில் தரையைவிட்டுத் தூக்குகிறது. எங்கள் பாதைகளில் கொண்டை ஊசி வளைவுகளே மிகுதி. அவற்றின் ஒரு பக்கம் பள்ளம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: நீண்ட ஃபோர்க் நீண்ட நெம்புகோலாகும். ஒவ்வொரு குண்டு குழியிலும் அது தலைக்குழாயின் பற்றவைப்பை நெம்புகிறது. ஒரு ஃபிரேம் விரிசல் விட்டதை இப்போதுதான் பார்த்திருந்த வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நாங்கள் விசாரித்த கடைக்காரர் புதிய ஃபோர்க் வாங்கச் சொன்னார். அவர் சொன்ன விலை சைக்கிளின் விலையில் பாதிக்கு மேல். நல்ல நிலையில் உள்ள ஒரு பொருளை மூலையில் போட்டுவிட்டு அதே வேலைக்கு இன்னொன்று வாங்குவது வீண்விரயம் என்று மனம் உறுத்தியது. அதே நேரத்தில், பிள்ளையின் பல்லும் கழுத்தும் சம்பந்தப்பட்ட இடத்தில் சிக்கனம் பார்ப்பதும் முறையன்று. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் பல நாள்கள் பேசிக்கொண்டிருந்தோம். முடிவைத் தீர்மானித்தது தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடு. எங்களுடைய வகையை 120, 100, 80 என மூன்று அளவுகளில் அமைத்துக்கொள்ளலாம் என்றும், அதற்கென ஸ்பேசர் என்னும் சிறு பிளாஸ்டிக் துண்டு உண்டு என்றும் அதில் தெளிவாக இருந்தது. அந்த வரி இல்லாதிருந்தால் நாங்கள் கை வைத்திருக்கமாட்டோம். எல்லா ஃபோர்க்கும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. புதிய வகைகள் பலவற்றில் ஸ்பேசர் கிடையாது. உள்ளேயுள்ள ஏர் ஷாஃப்டையே வேறு நீளத்தில் வாங்கி மாற்ற வேண்டும். மலிவான ஸ்பிரிங் வகைகள் சிலவற்றைத் திறப்பதே வீண்.

சிலர் காற்றழுத்தத்தைக் கூட்டினால் போதும் என்பர். அழுத்தம் கூடினால் ஃபோர்க் கடினமாகும். அதன் நீளம் ஒரு மயிரிழையும் குறையாது. மேல்மூடிக்குள் திருகும் டோக்கன்களும் அப்படித்தான்; அவை கடைசிக்கட்ட அமிழ்வைத் தடுப்பவை. உயரம் குறைய வேண்டுமானால் ஃபோர்க் முழுமையாக நீள்வதையே உள்ளிருந்து தடுத்தாக வேண்டும். மேல்குழாய்க்குள் ஒரு பிஸ்டன், ஷாஃப்டின் நுனியில் மேலும் கீழும் ஓடுகிறது. ஃபோர்க் நீளும்போது பிஸ்டன் குழாயின் அடிமூடியை நோக்கி இறங்கி, அங்கே முட்டி நிற்கிறது. பிஸ்டனுக்கும் அடிமூடிக்கும் இடையில் 20 மில்லிமீட்டர் துண்டு ஒன்றைச் செருகினால், அது 20 மில்லிமீட்டர் முன்னதாகவே முட்டிவிடும். அவ்வளவே தத்துவம். பாவாடையின் மடிப்புத் தையலைப் போல, துண்டை எடுத்துவிட்டால் பழைய நீளம்.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றி, ஃபோர்க்கைத் தனியே எடுத்து, அச்சிலிருந்து தலைப்பகுதி வரையுள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொண்டோம். அடுத்து, காற்று. இதில் அவசரம் கூடவே கூடாது. வால்வை அழுத்திக் காற்றை விட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மீண்டும் வால்வை அழுத்தினோம். ஒன்றும் வெளிவராத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தோம். உள்ளே காற்று மிஞ்சியிருக்கும்போது அடிவளையத்தைக் கழற்றினால் ஷாஃப்ட் முகத்தை நோக்கிப் பாயும்.

கால்களின் அடியில் இரு போல்ட்டுகள். 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் மூன்று சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, போல்ட்டின் தலையில் ரப்பர் சுத்தியலால் தட்டினோம். அப்போதுதான் உள்ளே இறுகப் பிடித்திருக்கும் ஷாஃப்ட் விடுபடும். மகன் தட்ட, மகள் பழைய பிரியாணித் தட்டொன்றைக் கீழே ஏந்தியிருந்தாள். ஒழுகிய எண்ணெய் சாம்பல் நிறத்தில், மணல் கலந்து வந்தது. எத்தனை மழைக்காலத்துச் சேறு அது! அளவைக் குறைக்கத் திறந்திராவிட்டால் அந்த மணல் உள்ளேயே இருந்து குழாயை அரைத்துக்கொண்டிருக்கும்.

கீழ்க்கால்களை உருவிய பின் இடப்பக்கக் குழாயின் அடியில் ஒரு பூட்டு வளையம் தெரிந்தது. சர்க்லிப் பிளையரால் அதை ஒடுக்கி எடுக்க வேண்டும். வளையத்தின் விளிம்பு கூர்மையானது. ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தாலும் பிறகு காற்று நிற்காது. எனவே ஷாஃப்டை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே வளையத்தை எடுத்தோம். இந்த ஓர் அடிக்கு மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று.

ஸ்பேசரைப் பொருத்த ஆனது ஒரு நொடி. ஷாஃப்டின் மேல் வைத்து அழுத்தினால் 'டக்' என்று பற்றிக்கொள்கிறது. பிளம்பிங் குழாயை அதே நீளத்துக்கு அறுத்துச் செருகுவோரும் உண்டு. ஃபோர்க் துள்ளி நீளும் ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டுதான் அடி தாங்குகிறது. பிள்ளையின் சைக்கிளில் அந்தச் சோதனை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உரிய துண்டு வந்து சேர மூன்று வாரம் காத்திருந்தோம்.

வளையங்களுக்கு சஸ்பென்ஷன் கிரீஸ் பூசி, ஷாஃப்டை உள்ளே செலுத்தி, பூட்டு வளையத்தை அதன் பள்ளத்தில் அமர்த்தினோம். மகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தா, நான் ஓட்டும்போது இது கழன்று வந்துடாதா?"

வாயால் சொல்லும் பதிலுக்கு இங்கே மதிப்பில்லை. வளையத்தைப் பிளையரால் சுற்றிக் காட்டினோம்; பள்ளத்தில் சரியாக அமர்ந்த வளையம் தடையின்றிச் சுழலும். பிறகு, "நீயே இழுத்துப் பாரும்மா" என்று ஷாஃப்டை அவள் கையில் கொடுத்தோம். காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். அசையவில்லை. அண்ணனும் இழுத்துப் பார்த்தான்.

எஞ்சியது துப்புரவு வேலை. கீழ்க்கால்களின் உட்புறத்தைத் துடைத்து, நுரை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, தூசித் தடுப்பின் உதடு மடங்காமல் கால்களை மெல்ல ஏற்றினோம். அடித் துளைகள் வழியே கையேடு சொன்ன அளவு புது எண்ணெய் விட்டு, போல்ட்டுகளுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினோம். எங்கள் வகைக்கு 7.3 நியூட்டன் மீட்டர். அதற்கென டார்க் ரென்ச் ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். கைப்பலத்தை நம்பி இறுக்கினால் மெல்லிய அலுமினிய மரை போய்விடும்.

அளந்து பார்த்தோம்: சரியாக 20 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. சைக்கிளில் ஏற்றியபின் காற்றை முழுக்க விட்டு அடிவரை அமுக்கி, டயர் தலைப்பகுதியில் உரசுகிறதா என்றும் பார்த்தோம். அவளுடைய டயர் அண்ணனுடையதைவிடத் தடித்தது. உரசவில்லை. அவள் ஏறி அமர்ந்தால் 20 முதல் 25 மில்லிமீட்டர் தாழும்படி காற்றழுத்தத்தை அமைத்தோம். அண்ணனுக்கு வைத்திருந்த அழுத்தத்தைவிட அது வெகுவாகக் குறைவு.

முதல் வாரம் வீட்டருகே உள்ள சமதளத்தில் மட்டும் ஓட்ட அனுமதித்தோம். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் அவளே போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்து, கால்களில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அடுத்த வாரம் தோட்டத்து ஏற்றத்துக்குப் போனாள். 120 மில்லிமீட்டரில் அண்ணன் ஒருமுறை அவள் சைக்கிளில் ஏறிப் பார்த்தபோது முன்சக்கரம் தூக்கிய அதே இடத்தில், இப்போது சக்கரம் மண்ணை விடவில்லை. தன்னுடைய 20 மில்லிமீட்டர் பறிபோனதில் அவனுக்கு இன்னும் சிறு வருத்தம் உண்டு.

ஐம்பது மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களின் எண்ணெயை மாற்ற வேண்டும் என்கிறது கையேடு. சமையலறை நாள்காட்டியில் ஓட்டிய மணிநேரங்களை அவள் பென்சிலால் குறித்து வருகிறாள். இன்று காலைவரை முப்பத்தேழு.