ஹக்காக்காரர்களின் கிண்ணம்

கொல்கத்தா,
ஞாயிறு மதியம்

அன்புள்ள நண்பா,

நேற்று மதியம் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பின்புறம் இருக்கும் டிரெட்டா பஜாரில், ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஹக்கா நூடுல்ஸ் சாப்பிட்டேன். நம் பெங்களூர் லிங்கராஜபுரம் மேம்பாலத்துப் பக்கம் தள்ளுவண்டியில் நீயும் நானும் வாங்கித் தின்போமே, பெரிய தீயில் கோஸும் குடைமிளகாயும் சோயா சாஸும் போட்டுப் புரட்டியது, அது இல்லை. வந்தது சூப். தெளிந்த பன்றியெலும்புச் சாறு, அதற்குள் மெல்லிய முட்டை நூடுல்ஸ், நாலைந்து மீன் உருண்டை, ஒரு பிடி கீரை, மேலே வெங்காயத்தாள். காரம் வேண்டுமென்றால் வினிகரில் ஊறிய பச்சை மிளகாய் தனியாக இருக்கிறது. அவ்வளவுதான்.

முதல் வாய்க்கு உப்பு மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது வாய்க்குத்தான் எலும்பு வெந்த வாசனையும் மீனின் இனிப்பும் மேலே வந்தன. காய்ச்சல் விட்ட மறுநாள் அம்மா தரும் மிளகு ரசம் மாதிரி, அடிவயிறு வரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. மீனின் முள்ளை நீக்கி, சதையைக் கையாலேயே அடித்துப் பிசைந்துதான் அந்த உருண்டையை உருட்டுகிறார்கள். கடித்தால் மாவு போல உதிராது, மீள்கிறது.

மறுபடியும் குடிக்க வேண்டும் போலிருந்தது. இன்று காலை ஆறு மணிக்கே சன் யாட் சென் பெயர் கொண்ட தெருவுக்குப் போய்விட்டேன். ஞாயிறு காலையில் தெருவோரமே கடை. அலுமினியப் பாத்திரங்களில் ஆவி பறக்க மீன் உருண்டை சூப், மோமோ, பன்றிக்கறி வைத்த பாவ் என்னும் சீனப் பன். விற்பவர்களில் சீனர்கள் இப்போது பாதிதான் இருப்பார்கள். சூப் ஊற்றிக் கொடுத்த பாட்டி என்னிடம் வங்க மொழியில் பேசினார், பக்கத்துக் கடைக்காரரிடம் ஹக்காவில் பேசினார்.

இந்தச் சீனர்களின் கதை உனக்குத் தெரிய வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோங் ஆச்சு என்ற சீனர் பட்ஜ்பட்ஜ் அருகே வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த இடம் இன்றும் அச்சிப்பூர்தான். சீனப் புத்தாண்டையொட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே போய்க் கும்பிட்டு வருகிறார்கள். பிறகு சீனாவின் குவாங்டாங் மலைப்பகுதியிலிருந்து ஹக்காக்கள் வந்தார்கள். தோல் வேலையைச் சாதியின் பெயரால் நம்மவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பென்டிங்க் தெருவில் செருப்புக்கடை, டாங்க்ரா பகுதியின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொட்டிகள். ஆம்பூரும் வாணியம்பாடியும் தெரிந்த நமக்கு அந்த வாடை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொட்டிகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னது. பல தொட்டிகள் மூடப்பட்டன. இன்று டாங்க்ரா என்றால் எல்லாருக்கும் சாப்பாட்டுக் கடைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நடுவில் 1962 இருக்கிறது. சீனாவோடு போர் வந்ததும், அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் பக்கத்திலிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். கைக்குழந்தையும் கிழவரும் அதில் உண்டு. சிலர் வெளியே வர 1967 ஆயிற்று. திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் கடையும் இல்லை. கொல்கத்தாச் சீனர்களும் அந்த அச்சத்திலேயே வாழ்ந்து, பெருமளவில் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் இருபதாயிரம் என்று சொல்லப்பட்டவர்கள் இன்று சில ஆயிரம்தான். இந்திய அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கனடாவுக்குப் போனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தெரிவிக்கத்தான் வேண்டும். நம் பள்ளிப் பாடத்தில் அந்தப் போர் இருந்தது, தேவ்லி இல்லை. இவர்கள் சமையலைத் தினமும் தின்கிற ஊரில் வளர்ந்து, இதை இந்த வயதில் தெரிந்துகொள்கிறேன் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சூப் குடித்த கையோடு காலேஜ் தெருவுக்கு நடந்தேன். ஆல்பர்ட் ஹாலில் 1942 முதல் நடக்கும் காபி ஹவுஸ். நம் சர்ச் தெரு காபி ஹவுஸ் போலவே தலைப்பாகைப் பரிசாரகர்கள், ஆனால் கூரை மூன்று மடங்கு உயரம், சத்தம் பத்து மடங்கு. பாலில்லாக் காபியை இங்கே இன்ஃப்யூஷன் என்கிறார்கள். பக்கத்து மேசை மாணவர்களுக்கு வறுத்த சௌமின் வந்தது. இந்தக் காபி ஹவுஸ்களை முன்பு நடத்திய காபி போர்டு 1957இல் வேலையைவிட்டு நீக்கிய ஊழியர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் திரட்டியபோது, அவர்களின் முதல் கூட்டுறவுச் சங்கம் பதிவானது நம் பெங்களூரில்தான். அதைச் சொன்னதும் பரிசாரகர் சிரித்து, இன்னொரு கோப்பை கொண்டுவந்து வைத்தார்.

நீ வா. ஹவுரா வண்டி பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா முனையத்திலிருந்தே புறப்படுகிறது, உன் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். சனிக்கிழமை இரவே வந்து சேர்கிற மாதிரி பார். மறுநாள் சென்ட்ரல் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆறரைக்குள் போய்விட வேண்டும், எட்டரைக்கெல்லாம் பாத்திரம் காலி. சூப்பைக் குடித்த பிறகு மோமோ வாங்கு, முதலில் வாங்கினால் வயிற்றில் இடமிருக்காது. பௌ சோங் கடையின் பச்சை மிளகாய் சாஸ் உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்