எந்த வண்டி வாங்கலாம்? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்!

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் கத்திரியில் காய்ப்புழு, நெல்லில் இலைச்சுருட்டு, வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் என்றுதான் இருக்கும். சென்ற மாதம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது.

"இரண்டு ஏக்கர் நிலம். ஒன்றரை ஏக்கரில் நெல், அரை ஏக்கரில் கத்திரி. மகன் ஒரகடத்தில் ஒப்பந்த வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கிறான். பிக்அப் வண்டி எடுத்தால் நம்ம காயையும் ஏற்றலாம், கம்பெனி லோடும் அடிக்கலாம் என்கிறான். பெரிய வண்டியாக எடுப்பதுதானே நல்லது? எந்த வண்டி எடுக்கலாம்?"

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இதே கேள்வியை 2018-ல் என் அக்கா என்னிடம் கேட்டார். அன்று நான் இரண்டு வரியில்தான் பதில் சொன்னேன். அதனால் வந்த நஷ்டத்தை எங்கள் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'பெரிசா எடுத்துடு'

அக்கா வீடு ஒரகடத்துக்குத் தெற்கே, ஏரிப் பாசனமுள்ள ஒரு ஊர். ஒன்றேகால் ஏக்கர் நிலம். மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வண்டி எடுக்கிறேன் என்று கிளம்பினான்.

எங்கள் பகுதியில் பையன்களுக்கு வண்டி ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று நெல் விளைந்த பூமியில் வரிசையாக வண்டித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பத்து நிமிஷம் நின்றால் போதும், புது வண்டிகளை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருக்கும். 'இவ்வளவு கம்பெனி இருக்கே, லோடுக்கா பஞ்சம்?' என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஒரு கிலோ விதைக்கு எத்தனை கிராம் மருந்து என்று கிராம் கணக்கில் பேசுகிற நான், ஒன்பது லட்ச ரூபாய் வண்டிக்கு ஒரு கணக்கும் போடவில்லை. "எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெரிசா எடுத்துடு. சின்ன வண்டி எடுத்துட்டு அப்புறம் பத்தலைன்னு சொல்லாதே" என்றேன். அக்கா, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் ஒன்றரை லட்சம் புரட்டினார். மீதி ஏழரை லட்சம் தனியார் நிதி நிறுவனக் கடன். ஐந்து வருஷத்துக்கு மாதம் 17,500 ரூபாய் டியூ.

கம்பெனி லோடு கிடைத்தது. ஆனால் கம்பெனி நேரடியாகக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு ஒப்பந்ததாரர். பில் போட்டு 60 நாள், 75 நாள் கழித்துத்தான் பணம். டீசலுக்கு அன்றாடம் காசு வேண்டும். டியூ மாதம் பிறந்தால் வந்து நிற்கும். வாரத்தில் மூன்று நாள் லோடு, மூன்று நாள் காத்திருப்பு. ஒரகடத்திலிருந்து போகும்போது பாரம், திரும்பும்போது காலி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தொழிற்சாலைகள் மூடின. ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணை அவகாசம் கொடுத்தது. அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடியது என்பது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு வந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரர்களின் கீரையையும் கத்திரியையும் ஏற்றிக்கொண்டு திருமழிசைக்கு ஓட ஆரம்பித்தான். முதல் தடவையாக அன்றன்றைக்குக் கையில் காசு வந்தது. ஆனால் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றும் வண்டியில் ஐந்நூறு கிலோதான் பாரம். டீசலுக்குப் போக மிஞ்சியது கொஞ்சம்தான்.

2021 தொடக்கத்தில் வண்டியை விற்றோம். விற்ற பணம் கடனை அடைக்கப் போதவில்லை. அக்காவின் மூன்று பவுன் சங்கிலி திரும்பி வரவே இல்லை. அக்கா இன்று வரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

கிளம்பும் முன்பே 1,500 ரூபாய்

வண்டியை விற்ற பிறகுதான் நானும் மருமகனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டியூ 17,500. காப்பீடு மாதத்துக்குப் பிரித்தால் 3,000. டயர், ஆயில், பிரேக் என்று ஒதுக்க வேண்டியது 3,000. ஓட்டுகிறவன் கூலி 15,000. சொந்த மகன்தானே என்று அதை விட்டுவிடக் கூடாது. வெளியே போனால் அவன் அதைச் சம்பாதிப்பான். மொத்தம் 38,500 ரூபாய். மாதம் 25 நாள் வண்டி ஓடினால் நாளுக்கு 1,540 ரூபாய். சாவியைத் திருகும் முன்பே இது செலவு. டீசல் தனி.

அந்த 1,540 ரூபாயைத் தினமும் கொடுக்கும் லோடு உங்களிடம் உண்டா? வண்டியின் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதற்குத்தான் நோட்டு. வண்டி வாங்குவதற்கு முன் 30 நாள், வாடகை வண்டியில் அனுப்பும் ஒவ்வொரு லோடையும் எழுதுங்கள். என்ன சரக்கு, எத்தனை கிலோ, எவ்வளவு இடம் பிடித்தது, எத்தனை கி.மீ., திரும்பும்போது சரக்கு உண்டா, பணம் யார் தருகிறார், என்றைக்குத் தருகிறார். அக்கம்பக்கத்தில் யாரெல்லாம் உங்கள் வண்டியில் காய் போடுவார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

எழுதிப் பார்த்தால் பல மயக்கம் தெளியும். ஒரு ஏக்கர் நெல் ஏறக்குறைய 2 டன். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் 50 சிப்பம். அது வருஷத்தில் இரண்டு மூன்று நாள் வேலை. அரை ஏக்கர் கத்திரியில் நல்ல பருவத்தில் ஒரு பறிப்புக்கு 200, 250 கிலோ. நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. அறுவடை நாளைக் கணக்கில் வைத்து வண்டி வாங்கினால் மீதி 360 நாளும் அந்த வண்டிக்கு நீங்கள் தீனி போட வேண்டும். சாதாரண நாளின் பாரத்துக்கு வண்டி வாங்குங்கள். அறுவடை நாளுக்கு வாடகைக்குப் பிடியுங்கள்.

எடையா, இடமா?

நம் ஊரில் சிறு சரக்கு வண்டியின் கதை 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து மாறியது. 'குட்டி யானை' என்று நாம் பெயரே வைத்துவிட்டோம். முக்கால் டன் பாரத்துக்கென்று வந்த வண்டி அது. அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-ல் 1.25 டன் பாரத்துக்கு வந்தது. மஹிந்திராவின் பொலிரோ பிக்அப்பில் 1.3 டன், 1.7 டன் என்று வகைகள் உண்டு. ஒரே பெயரிலேயே இரண்டு மூன்று எடை வகை இருப்பதால், பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். எடையைக் கேட்டு வாங்குங்கள்.

சாதாரண நாளில் 700 கிலோவுக்குள் என்றால் சிறிய வகை போதும். தினமும் ஒரு டன்னைத் தாண்டினால் அடுத்த வகை. ஒன்றரை டன்னுக்கு மேல் தினமும் உறுதியான பாரம் இருந்தால் மட்டும் பெரிய பிக்அப்.

கீரை, பூ ஏற்றுகிறவர்களுக்கு எடையை விட இடம்தான் முக்கியம். கீரைக்கட்டு பாடியை நிரப்பிவிடும், பாரம் இருக்காது. அதற்கு நீளமான பாடி வேண்டும், பெரிய எஞ்சின் வேண்டியதில்லை. கீரையிலிருந்து சொட்டும் தண்ணீர் பாடியின் அடித்தகட்டைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று பாருங்கள், மாதம் ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள்.

கனமான இரும்புக் கூண்டு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு உண்டு. கூண்டு, தார்ப்பாய், ஓட்டுநர், உதவியாள் எல்லாம் அந்த மொத்த எடைக்குள்தான் அடங்க வேண்டும். கூண்டு 100 கிலோ கூடினால் காய் 100 கிலோ குறைய வேண்டும்.

மின்சார வண்டியும் வந்துவிட்டது. டாடா ஏஸில் 2022-ல் மின்சார வகை வந்தது. தினமும் ஒரே வழி, குறைந்த தூரம் என்றால் யோசிக்கலாம். ஆனால் பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் வண்டிக்குச் சார்ஜ் போடக் கூடாது. வீட்டு இணைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சட்டம் சொல்வது

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டாம். தாண்டினால் வேண்டும். இரண்டு வண்டிக்கு நடுவில் மனசு ஊசலாடினால் இதையும் பாருங்கள்.

7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. நம் பிக்அப் எல்லாம் இதற்குள் வரும்.

அதிக பாரம் ஏற்றினால், 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பத்து நாள் லாபம் ஒரு செக்கிங்கில் போய்விடும்.

கடைசியாக, எல்லோரும் அசட்டையாக இருக்கும் விஷயம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களைப் பிக்அப்பின் பின்னால் ஏற்றிச் செல்கிறோம். சரக்கு வண்டிக் காப்பீடு, சரக்கின் உரிமையாளருக்கோ அவரது ஆளுக்கோதான் பொருந்தும். பின்னால் பயணியாக ஏறியவர்களுக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் நஷ்டஈடு உங்கள் நிலத்தின் மேல் வந்து உட்காரும். பணத்தை விடுங்கள், நம் ஊர்ப் பெண்களின் உயிர் அது. அந்தப் பழக்கம் வேண்டாம்.

எட்டு வட்டி எட்டு அல்ல

மருமகனிடம் '8 சதவீத வட்டி' என்றுதான் சொன்னார்கள். அது பிளாட் வட்டி. ஏழரை லட்சத்துக்கு வருஷம் 60,000, ஐந்து வருஷத்துக்கு 3 லட்சம், ஆக 10.5 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் 17,500. கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 14 சதவீதத்துக்கு மேல். அதே தொகையை 11 சதவீதம் குறையும் வட்டியில் வாங்கியிருந்தால் தவணை ஏறக்குறைய 16,300. ஐந்து வருஷத்தில் 71,000 ரூபாய் மிச்சம். '11' என்று கேட்டதும் பயந்து '8'-க்குப் போனோம்.

2024 அக்டோபரிலிருந்து, புதிதாகக் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழில் கேட்டு வாங்கி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய வண்டி வாங்கினால் எஃப்.சி., காப்பீடு, வரி மூன்றும் நடப்பில் உள்ளனவா, ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

வாலாஜாபாத் வாசகருக்கு

மருமகன் 2021 கடைசியில் பழைய குட்டி யானை ஒன்று வாங்கினான். பாதிப் பணம் என்னுடையது. கொடுக்க வேண்டிய பணம் அது. ஆறு வீட்டுக் காயை விடியற்காலையில் ஏற்றுகிறான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறந்தார்கள். அதுபோக, சுற்றிலும் எத்தனையோ மெஸ், எத்தனையோ சிறு ஓட்டல். அவன் நாலு மெஸ்ஸுக்கும் இரண்டு கடைக்கும் காய் போடுகிறான். இறக்கியதும் பணம். கோயம்பேட்டுக்குப் போக வர 90 கி.மீ. ஓட வேண்டிய இடத்தில் 30 கி.மீ.யில் வேலை முடிகிறது. பத்து மணிக்கு வீட்டில் இருக்கிறான். நெல் அறுத்த அன்று பெரிய வண்டி வாடகைக்கு வரும்.

உங்கள் கடிதத்தில் உள்ள விவரத்தை வைத்துப் பார்த்தால், உங்கள் சொந்தக் காய் மட்டும் எந்தப் புது வண்டிக்கும் டியூ கட்டாது. பக்கத்து நிலங்களின் காயும், அன்றன்றைக்குப் பணம் தரும் வாடிக்கையும் சேர்ந்தால் சிறிய வண்டி கட்டுப்படியாகும். கம்பெனி லோடை நம்பிப் பெரிய வண்டி எடுப்பதானால், பணம் எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாத டியூவைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டும் முடியாது என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

மகனிடம் கோபப்படாமல் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். 30 நாள் எழுதட்டும். அந்தக் கணக்கை இந்த முகவரிக்கே அனுப்பி வையுங்கள். இந்தத் தடவை கணக்குப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.