கூடப் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ராமானுஜன்

கும்பகோணத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி. கணக்குப் பரீட்சைக்கு மொத்தம் 45 மார்க். ராமானுஜன் வாங்கியது 42. கூடப் படித்த சாரங்கபாணி வாங்கியது 43. அவ்வளவுதான், நண்பனோடு பேச்சை நிறுத்திவிட்டான் ராமானுஜன். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் அழுதான். மற்ற பாடங்களில் யார் முந்தினாலும் அவனுக்குக் கவலையில்லை. கணக்கில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கணிதமேதை சீனிவாச ராமானுஜனை நமக்குப் பாடப் புத்தகத்தில் தெரியும். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். 1914-ல் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோயோடு திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. ஆனால், ஒரு மார்க்குக்காக அழுத அந்தப் பையனை யாருக்குத் தெரியும்? கூடப் படித்தவர்களுக்குத்தான்.

இளம் வயதில் போனவர்களுக்கு இப்படி ஒரு சோகம் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஆட்கள் குறைவு. 1909-ல் திருமணம் நடந்தபோது மனைவி ஜானகி பத்து வயதுச் சிறுமி. சேர்ந்து வாழ்ந்ததே சில ஆண்டுகள்தான். பிள்ளைகளும் இல்லை. கணவரின் பள்ளி நாள்களை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

இந்தக் கவலை சென்னையில் ஒரு கணக்கு வாத்தியாருக்கு வந்தது. அவர் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பி.கே.சீனிவாசன். ராமானுஜனின் கடிதங்களையும், அவரை நேரில் அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தேடிச் சேகரித்து 1968-ல் நூலாகக் கொண்டுவந்தார். ராமானுஜன் மறைந்து அதற்குள் 48 ஆண்டுகள் ஓடிவிட்டன. கூடப் படித்தவர்களில் மிச்சமிருந்தவர்களுக்கு எண்பது வயது. இன்னும் பத்து வருடம் தாமதித்திருந்தால் கேட்பதற்கு ஆளே இருந்திருக்காது.

அப்படிப் பழகியவர்கள் சொல்லிச் சொல்லித்தான் மேதைக்குள் இருந்த பையன் நமக்குக் கிடைத்தான். கொஞ்சம் குண்டான பையன். வெளியே போய் விளையாட வீட்டில் விடமாட்டார்கள். ஜன்னலோரம் நின்றே தெருவில் இருக்கும் நண்பர்களோடு பேசுவான். 'சண்டை வந்தால் நான் மேலே விழுந்தாலே போதும், எதிராளி நசுங்கிவிடுவான்' என்று பெருமையடிப்பான். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொன்னதும், 'பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் ஒன்றா?' என்று கேட்டவனும் அவன்தான். வளர்ந்த பிறகும் ஜோக் சொல்ல ஆரம்பித்தால், முடிவதற்குள் தானே சிரித்துவிடுவாராம். மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்குமாம்.

இந்த நட்பு வெறும் நினைவோடு நின்றுவிடவும் இல்லை. கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்று, வேலை தேடி அலைந்த காலம் அது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு, நோட்டில் இருக்கும் கணக்குகள் இந்த இளைஞன் சொந்தமாகப் போட்டவைதானா என்று சந்தேகம். அப்போது அவரிடம் நண்பனுக்காகப் பேசியவர், பள்ளி நாள்களிலிருந்தே பழகிய சி.வி.ராஜகோபாலாச்சாரி. (மூதறிஞர் ராஜாஜி அல்ல, இவர் வேறொருவர்.) சந்தேகம் தீர்ந்த ராவ், மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். மார்க் ஷீட்டில் இல்லாத ஒன்றைப் பள்ளி நண்பன் பார்த்திருந்தான்.

இப்போது திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருந்து கும்பகோணம் வரைக்கும், விடுமுறை வந்தால் பழைய மாணவர் சந்திப்புகள்தான். வாட்ஸ்அப் குரூப், ஒரே கலரில் டி-ஷர்ட், வடை பாயசத்தோடு சாப்பாடு. நடுவில், மறைந்துபோன நண்பர்களுக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி. பெயரை வாசிக்கிறோம், எழுந்து நிற்கிறோம், உட்காருகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால், அவனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நாம் மௌனமாக இருந்துவிடுகிறோமே!

பத்தாம் வகுப்பில் அவன் எந்த பெஞ்சில் உட்கார்ந்தான், யாருக்கு டிபன் பாக்ஸைக் கொடுத்தான், எதற்கெல்லாம் அடி வாங்கினான் என்பது அவன் மனைவிக்குத் தெரியாது. அப்பா முகமே சரியாக ஞாபகமில்லாத மகளுக்குத் தெரியவே தெரியாது. அவன் மேதையாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை; அவர்களுக்கு அவன் அப்பா, கணவன், பிள்ளை. அடுத்த சந்திப்புக்கு அந்தக் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். வர முடியாதென்றால் நான்கு பேர் சேர்ந்து அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள். ஆளுக்கொரு கதை சொல்லுங்கள். அவன் செய்த சேட்டையையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தப் பெண் முதலில் சிரிக்கப்போவது அதற்குத்தான்.