அத்தை கேட்ட கேள்வி

உங்க கண் முன்னாடி ஒருத்தருக்கு வலிப்பு வந்தா முதல்ல எதைத் தேடுவீங்க? பைக் சாவியைத்தானே? பழவேற்காட்டுல என் அத்தை வீட்டு வாசல்ல ஒரு இரும்புச் சாவி எப்பவும் தொங்கும். அத்தை பையனுக்காக. கையில வச்சா நின்னுடும்னு தெருவே சொல்லும். பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நிக்கும். பேர் மட்டும் சாவிக்கு.

அவனுக்கு இப்போ 14 வயசு. 6 வயசுல ஆரம்பிச்சது. ரெண்டு மருந்து மாத்தியும் நிக்கல. போன வருஷம் எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. குடும்பத்துல இங்கிலீஷ் மீடியம் நான்தான், அதனால ரிப்போர்ட் என் கைக்கு வந்துச்சு. இசிஇ படிக்கிறவனுக்கு மூளையைப் பத்தி என்ன தெரியும்னு யாரும் கேக்கல. 'ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியா'ன்னு போட்டிருந்தது. நான் ஒரு வாரம் உக்காந்து படிச்சேன்.

விஷயம் இதுதான். கரு வளரும்போது நரம்பு செல்கள் பிறக்கிறது மூளையோட உள்பக்கத்துல. அங்கிருந்து மெல்லிய இழைகளைப் பிடிச்சுக்கிட்டு வெளிப்பக்கப் புறணிக்கு ஏறணும். அங்க ஆறு அடுக்கு. முதல்ல வந்த செல்கள் கீழ நிக்கும், பின்னாடி வர்றது அதைத் தாண்டி மேல போகும். பழவேற்காட்டுக்காரங்களுக்கு 'பாடு'ன்னு சொன்னா புரிஞ்சிடும்: யார், என்னைக்கு, ஏரியில எந்த இடத்துல வலை கட்டலாம்னு ஊர் வச்சிருக்கிற முறை. மூளையில ஒரு சின்ன இடத்துல மட்டும் அந்த முறை குலைஞ்சா, அடுக்கு கலைஞ்சு போகுது, சில செல்கள் ஊதிப் பெருசாகுது. அந்த இடம் அப்பப்போ மொத்தமா ஒரே நேரத்துல சிக்னல் அடிக்கும். அது பக்கத்துக்குப் பரவினா வலிப்பு. 1971ல லண்டன்ல டேவிட் டெய்லர் குழு, வலிப்புக்காக வெட்டி எடுத்த மூளைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்ல பார்த்துதான் இதை முதல்ல விவரிச்சாங்க.

இதையெல்லாம் அத்தைகிட்ட சொல்லி முடிச்சேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "இவன் வயித்துல இருக்கறப்போ இடுப்பளவு தண்ணியில நின்னு இறால் புடிச்சேனே, அதனாலயாடா?"

எட்டு வருஷம் இதைக் கேக்காமலேயே வச்சிருந்திருக்காங்க. அவங்க மாமியார் வேற கிரகணத்தைச் சொல்லிட்டே இருப்பாங்க.

இல்ல அத்தைன்னு சொன்னேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. 2015ல கொரிய ஆராய்ச்சியாளர்கள், இந்த வகைக் கோளாறு இருந்த சிலரோட மூளைத் துண்டுல எம்டார்ங்கிற மரபணுவுல மாற்றம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. அதே ஆளோட ரத்தத்துல அது இல்ல. அதாவது அம்மா அப்பாகிட்டயிருந்து வந்ததில்ல; வளர்ற மூளையில ஏதோ ஒரு செல் பிரியும்போது நடந்த பிழை. (எல்லாக் கேஸும் இப்படி இல்ல. பரம்பரையா வர்றதும் உண்டு, கருவுல வர்ற சில வைரஸ் தொற்றும் மூளை அமைப்பைக் கெடுக்கும். தண்ணியும் கிரகணமும் அந்த லிஸ்ட்ல இல்ல.)

அத்தை உடனே, "அப்போ பெரியவளைப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட நீயே இதைச் சொல்லுடா"ன்னாங்க. இந்து திருமணச் சட்டத்துலயே 1999 வரைக்கும் வலிப்பு ஒரு தடையா இருந்துச்சு. சட்டம் மாறியாச்சு, தெரு மாறல.

எனக்குப் பயம் ஏரிதான். ஆழமில்லாத ஏரி, பெரும்பாலும் எழுந்து நிக்கலாம்னு சொல்வாங்க. வலிப்புல விழுந்தவன் எழுந்து நிக்க மாட்டான், அவனுக்கு முழங்கால் தண்ணியே அதிகம். அதனால மாமா அவனைப் படகுல ஏத்துறதில்ல. நீங்க யாரையாவது அப்படிப் பார்த்தா, முகத்தைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிங்க, கரைக்குக் கொண்டு வந்து ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா 108. தண்ணியில வலிப்பு வந்தவங்களை, நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரியில காட்டணும்.

வலிப்பு இருக்கறவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மருந்து மட்டும் போதாது. கோளாறு ஒரே இடத்துலன்னு உறுதியானா, சிலருக்கு அந்த இடத்தையே எடுக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில ஜேக்கப் சாண்டி 1952லயே வலிப்புக்கு ஆபரேஷன் பண்ணிட்டார். இவனுக்கு அடுத்த மாசம் வீடியோ இஇஜி. தலையில எலெக்ட்ரோடு ஒட்டி, மருந்தைக் குறைச்சு, வலிப்பு வரட்டும்னு காத்திருப்பாங்க. எந்த இடத்துல கிளம்புதுன்னு பாக்கத்தான்.

"அதை எடுத்துட்டா படகுல ஏறலாமா மச்சான்?"னு கேட்டான். டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய லிஸ்ட்ல முதல்ல அதைத்தான் எழுதி வச்சிருக்கேன்.