கைத்தொழிலும் கைக்காசும்

சென்ற மாசியில் முல்லைத்தீவு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தோம். 2009 வைகாசியில் போர் முடிந்தபின் மக்கள் மீளக் குடியேறிய ஊர் அது. போரிற் கணவனை இழந்தவர்களும், காணாமற்போன கணவனுக்காக இன்னும் காத்திருப்பவர்களும் குடும்பப் பாரத்தைச் சுமக்கும் வீடுகள் அங்கே பல.

ஒரு வீட்டின் மூலையில், பழஞ்சீலையால் மூடியபடி தையல் இயந்திரம் ஒன்று நின்றது. தைப்பதில்லையோ என வினவினோம். வீட்டுக்காரி சிரித்தார்.

“பயிற்சி தந்தவை, மெசினும் தந்தவை. எங்கட ஒழுங்கையில மட்டும் ஏழு வீட்டில மெசின் நிக்குது, ஐயா. எல்லாரும் தைச்சால் ஆர் தைக்கக் குடுக்கிறது? சந்தையில வாற உடுப்பு இதைவிட மலிவு.”

இயந்திரம் வந்ததும் துணியும் நூலும் வாங்கவென நுண்கடன் பெற்றாராம். வாராவாரம் தவணை, ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்டவேண்டும். அயலாரின் முகத்தில் விழிக்க அஞ்சி, காதுத்தோட்டை விற்றுக் கடனை அடைத்திருக்கிறார். இஃது ஒருத்தியின் கதையன்று. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் பெற்றுத் திருப்பிக் கட்ட இயலாதிருந்த பெண்களுக்கு நிவாரணம் வழங்கும் திட்டமொன்றை 2018இல் அரசாங்கமே கொண்டுவர நேர்ந்தது.

இன்று அவருக்குச் சோறு போடுவது தாயிடம் பழகிய பனையோலை வேலை. சார்வோலையை வார்ந்து நீற்றுப்பெட்டியும் கடகமும் சுளகும் இழைக்கிறார். பள்ளி விட்டு வந்த மகள் சாயமிட்ட ஓலையை வெயிலிற் பரப்பிக்கொண்டிருந்தாள். வியாபாரி வாசலுக்கே வந்து வாங்கிச் செல்கிறார். விலை சொல்பவரும் அவரே. பெட்டி ஒன்றுக்கு அவர் கொடுக்கும் காசைக் கேட்டதும் நாம் தலைகுனிந்தோம். அதேபோன்ற பெட்டியை முந்திய வாரம் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் மும்மடங்கு விலைக்கு வாங்கியிருந்தோம். அதுவும் பேரம் பேசி.

இப்பெண்களுக்குத் தொழில் தெரியாது என்பது பொய். அவர்களிடம் இல்லாதது விலை சொல்லும் பலம். தனித்தனியே தத்தம் வாசலில் நிற்கும்வரை அப்பலம் வராது. வழியும் புதியதன்று. இதே பனையை நம்பி வாழ்ந்த சீவல் தொழிலாளர் 1970களில் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுசேர்ந்தனர். பனைவளத்தைப் பேண 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. பெட்டி இழைக்கும் பெண்கள் ஊர்தோறும் ஒன்றுகூடி, ஓலையை மொத்தமாக வாங்கி, விலையைத் தாமே வகுத்து, நகரத்துக் கடையோடு நேரே பேசினால் வியாபாரியின் சொல் இறுதிச் சொல்லாகாது. உதவ வருவோர் இயந்திரம் வழங்குமுன் சந்தையைக் கேட்கட்டும், பெண்களையும் கேட்கட்டும்.

விடைபெறும் வேளையில், நமது பேச்சைக் கேட்டிருந்த மகள் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டியின் கணக்கை எழுதத் தொடங்கியிருந்தாள். ஓலைக் காசு, சாயக் காசு, சென்ற நேரம்.

“கூலி எவ்வளவு எண்டு போட அம்மா?” என்று கேட்டாள்.

தாய் விடை சொல்லவில்லை. தன் கைவேலைக்கு ஒரு கூலி உண்டென்று அவரிடம் இதுவரை எவரும் கேட்டதில்லைப் போலும். அந்த இடத்தில் எழுதவேண்டிய தொகையை அவர்களே தீர்மானிக்கும் நாள் வரவேண்டும். அதற்குமுன், பெட்டி வாங்கும் நாம் பேரம் பேசுவதை விட்டாகவேண்டும்.