ஸ்பைனோசாரஸை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜுராசிக் பார்க் 3 (2001) டிவியில் எப்போ போட்டாலும் எங்க வீட்டு ரிமோட் என் கையில்தான். காரணம் ஸ்பைனோசாரஸ். முதுகில் பாய்மரம், முதலை மூஞ்சி. அது டி.ரெக்ஸ் கழுத்தை ஒடிக்கிற சீனுக்கு இன்னைக்கும் விசில் அடிப்பேன் (அம்மா திட்டுவது தனிக்கதை).

நான் படிக்கிறது பி.காம். போன வாரம் வகுப்பில் உயிருள்ள சொத்துகள் பற்றிப் பாடம். பண்ணை ஆடு மாடுகளுக்குத் தனி விதி உண்டு. காட்சிக்கு வைக்கும் மிருகங்கள் அதில் சேராது. ஜுராசிக் வேர்ல்டில் (2015) மிருகங்களை 'அசெட்' என்றே சொல்வார்களே, அந்த ஞாபகத்தில் பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் கேட்டேன்: "மரபணு மாத்தி ஒரு ஸ்பைனோசாரஸ் செஞ்சு கூண்டுல வச்சா எதுலடா எழுதுறது?"

"கட்டடம், மெஷினோட சேர்த்து எழுது. வருஷா வருஷம் தேய்மானம் போடு" என்றான். சிரிச்சோம்.

வீட்டுக்கு வந்து படித்தால் சிரிப்பு போய்விட்டது. 1912-ல் எகிப்தின் பஹாரியாவில் கிடைத்த எலும்புகளை வைத்து, 1915-ல் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் இதற்குப் பெயர் வைத்தார். 1944 ஏப்ரலில் மியூனிக் அருங்காட்சியகத்தின் மேல் குண்டு விழுந்து அந்த எலும்புகள் அழிந்தன. மிஞ்சியது படங்களும் குறிப்புகளும்தான். 2001 படத்தில் வந்த உருவத்தில் பாதி ஊகம். 2014-ல் நிசார் இப்ராஹிம் குழு மொராக்கோ எலும்புகளை வைத்து, பின்னங்கால்கள் குட்டை என்றது. 2020-ல் வாலும் வெளிவந்தது, துடுப்பு மாதிரி! மீன் தின்னி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீந்தித் துரத்திப் பிடித்ததா, கொக்கு மாதிரி நின்று பிடித்ததா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

டி.என்.ஏ. எடுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். மோவா பறவை எலும்புகளை ஆராய்ந்தவர்கள் 2012-ல் சொன்ன கணக்கு: சுமார் 521 வருஷத்துக்கு ஒருமுறை பாதி அழிந்துவிடும். ஸ்பைனோசாரஸ் வாழ்ந்ததோ சுமார் 9.5 கோடி வருஷம் முன்னால். ஆக, செய்வதென்றால் முதலையையோ பறவையையோ திருத்தி, நம்ம மனசில் இருக்கிற படத்துக்குத்தான் செய்யணும்.

அந்தப் படம் மாறிக்கிட்டே இருக்கே! கணக்கில் அது பிரச்சினையே இல்லை. மெஷின் ஆயுள் பத்து வருஷம் என்று நினைத்தது ஏழுதான் என்று தெரிந்தால், இனிமேல் வரும் வருஷங்களுக்கு மாற்றி எழுதினால் போதும். ஆனால் 2001 படத்தைப் பார்த்து நீளக் காலோடு ஒன்றைச் செய்து, மேட்டு நிலத்தில் வேலி போட்டு அடைத்திருந்தால்? 2014 கட்டுரை வந்த மறுநாள் காலையிலும் அது பசியோடு வாசலில் நின்றிருக்கும். தப்பாகச் செய்த மிருகம், ஆனால் நிஜப் பசி.

2025-ல் வந்த ஜுராசிக் வேர்ல்ட் ரீபர்த் படத்தில் ஸ்பைனோசாரஸுக்குப் புது வால் வைத்து நீந்த விட்டுவிட்டார்கள். சினிமாக்காரங்களுக்குக் கவலையில்லை. பழைய படத்து மிருகத்துக்கு யாரும் தினம் மீன் வாங்கிப் போட வேண்டியதில்லை.