இரு விமானங்களுக்கு இடையே ஓர் இரவு

வழிப்போக்கனுக்கு வேண்டுவன யாவை என்பதை நம் முன்னோர் நன்கு சிந்தித்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளின் ஓரத்திலே மடம், கேணி, சுமைதாங்கி என்பன அருகருகே அமைந்திருப்பதை இன்றும் சில இடங்களிற் காணலாம். தலைச்சுமையை இறக்குவதற்குச் சுமைதாங்கி. தாகந் தீர்ப்பதற்குக் கேணி. இரவு படுத்தெழும்புவதற்கு மடம். பருத்தித்துறையிலே வீதியின் குறுக்கே கூரை பரப்பி நிற்கும் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்கள் இவ்வறத்தின் அருமையை உணர்வர்.

இன்றைய வழிப்போக்கன் ஆகாய மார்க்கமாகச் செல்கிறான். ஆயினும் அவனுக்கு வேண்டுவனவும் அம்மூன்றே. பெரிய விமான நிலையங்களில் குடிநீர் இலவசமாகக் கிடைக்கிறது; சுமையை இறக்கி வைப்பதற்குக் கட்டணம் உண்டு; தலை சாய்ப்பதற்கோ பெருங் கட்டணம். ஒரு விமானத்தால் இறங்கி மறு விமானத்தில் ஏறுமுன் ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தால் நடுத்தரக் குடும்பத்தினர் என் செய்வது? இதனையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

இது நம்மவர்க்குச் சிறிய விடயமன்று. பிள்ளைகளுள் ஒருவரேனும் கடல் கடந்து வாழாத குடும்பம் நம்மிடையே அரிது. மெல்பேணுக்கும் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதியோர் பலர். விலை குறைந்த பயணச்சீட்டுகளிற் பெரும்பாலானவை இடைவழியிலே நெடுநேரத் தரிப்பு உடையவை. சீட்டின் விலையை எல்லாருங் கூட்டிக் கழித்துப் பார்க்கின்றனர். அவ்விரவை எவருங் கணக்கில் எடுப்பதில்லை. முடிவில் எழுபது வயது மூதாட்டி ஒருவர் இரும்புக் கைப்பிடியுள்ள கதிரையிலே, குளிரூட்டிய மண்டபத்திலே, கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி விடியும்வரை விழித்திருக்கிறார்.

சீட்டுக்குள் அடங்கிய இரவு

விமானப் பிரயாணத்தின் ஆரம்ப நாட்களில் நிலைமை வேறு. 1938 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் சவுதாம்டன் துறைமுகத்திலிருந்து அவுஸ்திரேலியாவின் சிட்னி வரை நீர்மேல் இறங்கும் பறக்கும் படகுகள் சேவையில் ஈடுபட்டன. அப்பிரயாணத்துக்கு ஒன்பது பத்து நாட்கள் பிடித்தன. மாலையானதும் கரையில் இறங்கி, நல்ல விடுதியொன்றிலே உண்டு உறங்கி, மறுநாட் காலையிற் புறப்படுவதே வழக்கம். அவ்விடுதிச் செலவு பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. 1937 இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் கலாங் விமான நிலையமும் இவ்வழியில் ஒரு தங்குமிடமாயிற்று.

பின்னர் விமானங்களின் வேகம் மிகுந்தது. சீட்டின் விலை குறைந்தது. சாமானியரும் பறக்கத் தொடங்கினர். இது பெருநன்மையே. ஆனால் விலையைக் குறைத்தபொழுது கழற்றி விடப்பட்டவற்றுள் அந்த இரவும் ஒன்று. ஆகவே மலிவான சீட்டை வாங்குபவர் தமது இரவைத் தாமே வாங்கிக்கொள்ளல் வேண்டும். சீட்டில் மிஞ்சிய பணத்தின் ஒரு பங்கு அவ்விரவுக்கு உரியது என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தியாகும்.

மணிக்கணக்கு

2024 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், மெல்பேணில் வாழும் எமது சகோதரியைப் பார்ப்பதற்காகத் தாயாரை அழைத்துச் சென்றோம். அவருக்கு வயது எழுபத்து நான்கு; நீரிழிவுக்கு நாள்தோறும் ஊசிமருந்து ஏற்றுபவர்; மரக்கறி உணவன்றி வேறு உண்ணாதவர். சிங்கப்பூரிலே பிற்பகல் இரண்டரை மணிக்கு இறங்கி மறுநாட் காலை பத்து மணிக்கு ஏறுவதாக அமைந்த சீட்டு, இருவருக்குமாக ஐம்பதினாயிரம் ரூபா வரையில் மலிவாகக் கிடைத்தது.

சீட்டை எடுக்குமுன் இரவைப் பற்றிப் பேசியபொழுது தாயார், "தம்பி, ஒரு இரவுதானே? நான் அங்கை ஒரு கதிரையிலை இருந்து விடியவிடுவன். ஏன் வீண் செலவு?" என்றார். நம் தாய்மார் யாவரும் இவ்வாறுதான் கூறுவர். அவர்கள் கூறுகிறார்கள் என்பதற்காக நாம் அதனை ஏற்றுக்கொள்வது முறையன்று. நாமோ தாளையும் பேனாவையும் எடுத்துக் கணக்கிடலானோம்.

இரண்டரை மணியிலிருந்து மறுநாட் பத்து மணிவரை பத்தொன்பதரை மணித்தியாலங்கள். குடிவரவுச் சோதனைக்கு ஒன்று. நகருக்குச் செல்ல ஒன்று. திரும்பி வர ஒன்று. விமானம் புறப்படுமுன் நிலையத்தில் இருக்கவேண்டிய நேரம் மூன்று. ஆறு மணித்தியாலங் கழிந்தாலும் பதின்மூன்றரை மணித்தியாலம் எமக்கு மீந்தது. இத்தனை நேரத்துக்கு நகரிலே படுக்கை எடுப்பது பயனுடைத்து. அவ்வாறன்றி இரவு பதினொரு மணிக்கு இறங்கி விடியற்காலை ஆறு மணிக்கு ஏறுபவர் இதே ஆறு மணித்தியாலத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றே. அவருக்கு நகரிலே இலவசப் படுக்கை கிடைத்தாலும் அது நட்டந்தான். நிலையத்துக்குள்ளேயே தங்குவது மேல்.

நிலையத்துக்குள் தங்குவதிலும் இரு வகை உண்டு. சாங்கி விமான நிலையத்தில் பிரயாணிகள் சாய்ந்து உறங்குவதற்கென இலவச ஓய்விடங்கள் உள்ளன. இளைஞருக்கும் மாணவருக்கும் இவை போதும். ஒரு கம்பளிச் சால்வையும் கண்மறைப்புத் துணியும் இருந்தாற் சரி. அடுத்தது, நிலையத்தின் உட்பகுதியில் அமைந்த இடைவழி விடுதிகள். அங்கே நாட் கணக்கன்றி மணிக் கணக்காக அறை தருவர். ஆறு மணி உறக்கம் போதுமானவர்க்கு இது சிறந்த வழி. எமக்கோ இருமடங்கு நேரம் தேவைப்பட்டது. எனவே கட்டணமும் இரட்டித்தது. நகரின் எளிய விடுதியொன்றில் இருவருக்குமான படுக்கைகள் எண்பது சிங்கப்பூர் வெள்ளி, அதாவது அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ பதினேழாயிரம் ரூபா. இடைவழி விடுதி கேட்டதோ அதனிலும் மும்மடங்கு. நகரப் படுக்கையையே தெரிந்தோம். சீட்டில் மிஞ்சியதில் மூன்றிலொரு பங்கு மாத்திரமே செலவாயிற்று.

கடவுச்சீட்டே முதற் கேள்வி

விடுதியைத் தேடுமுன் கடவுச்சீட்டைப் பார்க்கவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் குறுகிய கால வருகைக்குச் சிங்கப்பூரில் முன்கூட்டியே விசாப் பெறவேண்டியதில்லை. வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணைய வழியே நிரப்பி அனுப்பினாற் போதும். அதற்குக் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லுபடியாதல் வேண்டும். ஆனால் சென்னையிலோ துபாயிலோ தரிப்பவர்கள் விசாவின்றி வெளியே செல்ல இயலாது. அவர்களுக்கு நகர விடுதி எத்துணை மலிவாயினும் எட்டாக் கனியே.

இரண்டாவது கேள்வி சாமானைப் பற்றியது. முழுப் பிரயாணமும் ஒரே சீட்டாக இருந்து, பெட்டிகள் இறுதி ஊர்வரை பதியப்பட்டிருந்தால் கைப்பையுடன் உலாவலாம். இரு வேறு நிறுவனங்களில் இரு சீட்டுகளைத் தனித்தனியே வாங்கியவர் பெரும்பாலும் குடிவரவைக் கடந்து பெட்டியை எடுத்து, மீண்டும் ஒப்படைக்க நேரிடும். அவ்வாறானவர் நிலையத்தின் உட்பகுதியிலுள்ள விடுதியில் அறை ஒதுக்கி வைத்தாலும் அங்கே போய்ச் சேர முடியாமற் போகலாம். அறை குடிவரவுக்கு உட்புறத்திலா வெளிப்புறத்திலா என்பதை விசாரியாது பணம் செலுத்தலாகாது.

நாம் கைப்பைகளுடன் வெளியேறினோம். சாங்கி நிலையம் 1981 இலே தொடங்கப்பெற்றது. அதனருகே 2019 இல் எழுப்பிய கண்ணாடி மாளிகையினுள்ளே நாற்பது மீற்றர் உயரத்திலிருந்து நீர்வீழ்ச்சியொன்று விழுகிறது. தாயார் அதனைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணியும் மழைத்தண்ணியோ?" என்று வினவினார். மழைநீரும் அதிற் பயன்படுகிறது என்றோம். அவருக்கு மெத்தத் திருப்தி. கிணற்று நீரை அளந்து பாவித்த ஊரவர் அல்லவா!

நிலையத்திலிருந்து மின்சார இரயிலில் அடுத்த தரிப்பான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிறத்தாற் குறிக்கப்பட்ட நகர மையப் பாதையில் மாறினால் லிட்டில் இந்தியா வரை வேறு மாற்றம் இல்லை. தமிழ் அந்நாட்டின் நான்கு அரச மொழிகளில் ஒன்றாதலால் நிலையப் பெயர்களைத் தமிழிலே வாசித்துக்கொண்டே செல்லலாம். வாடகைக் காரினும் இது பன்மடங்கு மலிவு. ஆயின் நள்ளிரவுக்கு முன்னரே இரயில் ஓய்ந்துவிடும். நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை வாடகைக் காருக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். மலிவான விடுதியைத் தேடுவோர் இச்செலவையும் அதன் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும்.

எட்டுச் சாண் இடம்

எளிய விடுதியென்பது ஓர் அறையில் ஆறு அல்லது எட்டுப் படுக்கைகள் மேலுங் கீழுமாக அடுக்கப்பட்ட இடம். படுக்கையைச் சுற்றிப் பலகையும் திரைச்சீலையும் அமைத்து ஒரு பெட்டகம் போல ஆக்கியிருப்பர். 1979 இல் யப்பானின் ஒசாக்கா நகரில் தொடங்கிய கப்சூல் விடுதியின் வழிவந்தது இவ்வமைப்பு. உள்ளே ஒரு விளக்கு, ஒரு மின்செருகி, ஒரு போர்வை. வெளியே பூட்டுப் போடும் சிறு அலுமாரி. குளியலறை பொது. பெண்களுக்குத் தனியறை உண்டு. முதியோருக்குக் கீழ்ப்படுக்கையே தேவையென முன்னரே எழுதிக் கேட்டுப் பெறல் வேண்டும்; ஏணியில் ஏறும் வயதன்று அது.

வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் தஞ்சாவூரைச் சேர்ந்தவர். எமது பேச்சைக் கேட்டதும், "யாழ்ப்பாணமா, சார்?" என்றார். ஊசிமருந்தைக் குளிரில் வைக்கவேண்டும் என்றபொழுது, ஒரு தாள் துண்டில் தாயாரின் பெயரைத் தமிழிலே எழுதி ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியின் மேற்தட்டில் வைத்தார். "விடியக் காலையில நான்தாம்மா இருப்பேன், மறக்காம எடுத்துத் தர்றேன்" என்றார். அச்சிறு தாளைக் கண்டபின்னரே தாயாரின் முகம் தெளிந்தது.

மாலையில் மழை பெய்தது. ஆயினும் நாம் நனையவில்லை. பழைய கடைவீடுகளின் முன்னே 'ஐந்தடி வழி' எனப்படும் கூரையிட்ட நடைபாதை தொடர்ந்து செல்கிறது. 1822 இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே வீடு கட்டுவோர் வழிச்செல்வோருக்கு நிழல் விடவேண்டும் என விதித்திருந்தனர். அந்நிழலிலே நடந்து வீரமாகாளியம்மனைத் தரிசித்து, 1947 முதல் சிராங்கூன் வீதியில் நடைபெறும் கோமள விலாஸ் என்னும் மரக்கறி உணவகத்திலே இட்டிலி உண்டு, எட்டரை மணிக்குத் திரும்பினோம். இன்னும் சில மணி நேரம் உடையவர்கள் கட்டோங் பகுதியிலே 'சிலோன் வீதி'யில் அமைந்த செண்பக விநாயகர் ஆலயத்தையும் தரிசிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அங்கு சென்று குடியேறிய இலங்கைத் தமிழர் வளர்த்த ஆலயம் அது.

தாயாரின் மேற்படுக்கையில் வியற்நாம் தேசத்து மாணவி ஒருத்தி. இருவருக்கும் பொது மொழி இல்லை. இரவில் தாயார் எழுந்தபொழுதெல்லாம் அப்பிள்ளை தன் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் குளியலறை வரை பிடித்துக் காட்டினாளாம். "இரண்டு தரம் எழும்பினன், இரண்டு தரமும் எழும்பினது பிள்ளை" என்று காலையிற் சொன்னார். கால் வீக்கமின்றி, நேரத்துக்கு ஊசியும் உணவும் பெற்று, முதல் இரயிலிலேயே நிலையம் சேர்ந்தார்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேலும் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கு உட்பட்டும் சாங்கியில் தரிப்பவர்களுக்கு இலவச நகர்ச் சுற்றுலாவொன்று உண்டு; குடிவரவைக் கடக்குமுன் உட்பகுதியிலேயே அதற்குப் பதிந்துகொள்ள வேண்டும். சிறு பூட்டு, துவாய், செவியடைப்பான் என்பன கைப்பையில் இருக்கட்டும். ஊசிமருந்து உடையோர் வைத்தியரின் கடிதத்தையும் உடன் வைத்திருத்தல் நன்று. சில விமான நிறுவனங்கள் நெடுந்தரிப்புக்கு விடுதி வழங்குவதுமுண்டு. சீட்டை வாங்குமுன் கேட்பதில் நட்டம் ஏதுமில்லை.

பெற்றோருக்குச் சீட்டு எடுத்து அனுப்பும் பிள்ளைகளுக்கோ ஒரு வேண்டுகோள். மலிவான சீட்டை எடுங்கள், அதிற் குற்றமில்லை. ஆனால் இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் தாளில் எழுதி, நாம் மேலே கழித்ததுபோல் ஒருமுறை கழித்துப் பாருங்கள். மிஞ்சும் மணிகளுக்கு ஏற்ற படுக்கையொன்றையும் தெரிந்து, அதன் சீட்டையும் பயணச்சீட்டுடன் சேர்த்தே அனுப்புங்கள். "கதிரை போதும்" என்று அவர்கள் சொல்வார்கள். அதனை மாத்திரம் கேளாதொழியுங்கள்.